பரணில் பிரியும் ஒயர்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் டிவி கட்டம் கட்டமாக உடைந்தது. செய்தி வாசிக்கிறவரின் வாய் ஒரு பக்கம், நெற்றி ஒரு பக்கம். என் வீட்டுக்காரர் பெட்டியைத் தட்டினார், ஒயரைப் பிடுங்கிச் செருகினார், கடைசியில் என்னை முறைத்தார். தூசி துடைக்கும்போது நான் எதையோ அசைத்துவிட்டேனாம்.

மார்ச் 5, வியாழன்

இவர் பூஸ்டர் வாங்கி வந்தார். உள்ளங்கை அளவு டப்பா, சிக்னலைக் கூட்டிக் கொடுக்குமாம். டிவிக்குப் பின்னால் மாட்டிவிட்டு ராஜா மாதிரி உட்கார்ந்தார். பழையபடி கட்டம்தான். இப்போது சத்தமும் சேர்ந்து விக்குகிறது. சிரிப்பை அடக்க அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

இவர் வேலைக்குப் போனபின் கேபிள்காரரைக் கூப்பிட்டேன். கூப்பிடாமலே இருந்திருக்கலாம். பரணில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கியவர் விஷயத்தைச் சொன்னார்.

தெருவிலிருந்து வரும் ஒயர் எங்கள் பரணில் இரண்டாகப் பிரிகிறதாம். ஒன்று எங்களுக்கு. இன்னொன்று நடுச்சுவருக்கு மேலே புகுந்து இவருடைய அண்ணன் வீட்டுக்கு.

"பிரிஞ்சு வந்தப்புறம் டிவிகிட்ட பூஸ்டர் வெச்சுப் பிரயோஜனம் இல்லைங்க. பிரியறதுக்கு முன்னாடி வெக்கணும், ரெண்டு வீட்டுக்கும் நல்லா வரும். இல்லைன்னா அந்தப் பக்கத்து ஒயரக் கழட்டிடறேன். ஒரு நிமிஷ வேலை."

வேண்டாம், வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

வீட்டைப் பாதியாக்கிச் சுவர் எழுப்பியபோது கரண்ட், தண்ணீர் எல்லாம் தனியாகப் பிரித்தாயிற்று. "ஒரு ஆணிகூடப் பொதுவா இருக்கக் கூடாது" என்றவர் இவர்தான். கேபிளை மட்டும் யாரும் நினைக்கவில்லை. அன்றிலிருந்து இவர் வாயில் அண்ணன் என்ற சொல்லே வருவதில்லை. 'அந்த வீட்டு ஆளு', அவ்வளவுதான்.

அந்த ஆளோ இடுப்பெலும்பு முறிந்து படுத்துக் கிடக்கிறார். போன வாரம் தெருமுனையில் அவர் மனைவியை, என் ஓரகத்தி அக்காவைப் பார்த்தேன். "நாள் பூரா அந்த டிவிதான் துணை. அது இல்லைன்னா என் உயிரை எடுத்துடுவார்" என்றாள். அவர் விழுந்த செய்தியை இவரிடம் சொன்னபோது "ம்" என்றார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை தெரியவில்லை.

மார்ச் 7, சனி

"நாளைக்கு நானே பரண்ல ஏறிப் பாக்கறேன்" என்கிறார். தூசி, பல்லி, முதுகுவலி என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். சந்தேகமாகப் பார்த்தார். அந்த ஒயரைக் கண்டுவிட்டால்? இவர் கோபம் எனக்குத் தெரியாதா?

மார்ச் 8, ஞாயிறு

ஏறிவிட்டார். போன ஜோரில் "கட்டிங் பிளையரை எடு" என்று குரல். எடுத்துக் கொடுத்தேன். நடுவில் ஒருமுறை இறங்கி, என்னைக் காபி போட அனுப்பிவிட்டு மறுபடி ஏறினார். கடைசியில் தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கினார். நேரே குளிக்கப் போய்விட்டார்.

டிவி கண்ணாடி மாதிரி தெரிகிறது. பார்க்கப் பிடிக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. வெட்டிட்டார். வெட்டியேதான் இருப்பார். படுத்த படுக்கையா கிடக்கிற மனுஷன்கிட்டயா இந்த வீம்பு? கேக்கலாம்னா பயமா இருக்கு. கேக்காம இருக்கவும் முடியல.

மார்ச் 9, திங்கள்

காலையில் கூட்டும்போது பார்த்தேன். டிவிக்குப் பின்னால் பூஸ்டர் இல்லை. அதன் ஒயரும் இல்லை. துடைப்பத்தோடு பரணை அண்ணாந்து பார்த்தேன்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் செய்தி ஓட ஆரம்பித்தது. தெருவுக்கே கேட்கும் சத்தம். இவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அண்ணனுக்குக் காதும் போச்சா? கொஞ்சம் கொறைச்சு வெக்கச் சொல்லு, அண்ணிகிட்ட."

இவர் கிளம்பியதும் போனேன். எத்தனை நாள் கழித்து அந்தப் படி ஏறுகிறேன். படம் சரியாகத் தெரியாததால் வெள்ளிக்கிழமையிலிருந்து அணைத்தே வைத்திருந்தார்களாம். "இன்னிக்கு என்னவோ பளிச்சுன்னு வருது" என்றாள் அக்கா. தலையணையில் சாய்ந்தபடி அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தத்தைக் குறைக்கும்படி நான் சொல்லவில்லை.