ஃபார்மட் பண்ண வேண்டாம்

மூடியைக் கழற்றியதும் சந்தனமும் சாம்பிராணியும் சேர்ந்து மூக்கில் ஏறின. ஆயுத பூஜை முடிந்து இன்று நான்காம் நாள். அன்னவாசல் கடையில், நீ உட்கார்ந்து வேலை பார்த்த மேசையில், ஆறு சிபியு பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஆறுக்கும் நெற்றியில் பட்டை, நடுவில் குங்குமம். "கும்புடுறவக வெளியில நின்னு கும்புட வேண்டியதுதானே, ஏன் இதுக்கு வாயில ஊட்டுறாக?" என்று வருஷா வருஷம் கேட்பாய். இந்த வருஷமும் ஊட்டியிருக்கிறார்கள். ஜென்மங்கள்.

ஓடுகிற ஃபேனுக்கு நேரே சாம்பிராணி காட்டுவார்கள். காற்றுப் போக விட்டிருக்கும் ஓட்டையாகப் பார்த்துத் திருநீற்றைத் தூவுவார்கள். மறுநாளே கம்ப்யூட்டர் நீலத் திரை காட்டி நின்றுபோகும். போட்டால் ஓடும், மறுபடி நிற்கும். உடனே வைரஸ் என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். எதிர்க்கடைக்காரன் எதையும் திறந்துகூடப் பார்க்க மாட்டான். எது வந்தாலும் உள்ளே இருப்பதை மொத்தமாக அழித்து ஃபார்மட். தலைவலி என்று வந்தவனுக்கு மொட்டை அடித்து அனுப்புகிற வைத்தியன் அவன்.

அவனைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? துபாயில் லாரி ஓட்டிவிட்டு வந்து, உன் டிப்ளமோவை நம்பிக் கடை போட்டு, போர்டில் மட்டும் என் பெயரை எழுதிக்கொண்டவன் நான். வருகிறவர்களும் வேலை தெரிந்த உன்னை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். நானும் எல்லாம் தெரிந்தவன் போலத் தலையாட்டுவேன். எனக்குத் தெரிந்ததும் ஃபார்மட் ஒன்றுதான்.

"புரோகிராமுல கோளாறுன்னா பெரும்பாலும் அதே எடத்துலதாங்க விழும். நேரத்துக்கு ஒரு எடத்துல விழுந்தா உள்ளாற கைய விட்டுப் பாக்கணும்" என்பாய். ரேம் இரண்டு இருந்தால் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதை மணிக்கணக்கில் ஓடவிடுவாய். பிறகு மாற்றிப் போடுவாய், பிறகு அதைச் செருகுகிற ஸ்லாட்டை மாற்றுவாய். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றுவாய். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எதில் கோளாறு என்று தெரியாது அல்லவா? ரேமின் பொன்னிறப் பல்லைத் தேய்க்க நீ வைத்திருந்த பள்ளிக்கூட ரப்பர் இன்னும் டிராயரில் கிடக்கிறது, பாதி கறுத்துப்போய்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி ஆயுத பூஜை முடிந்த வாரம், வீட்டுப் பிளான் வரைகிறவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தானே, ஞாபகம் இருக்கும் உனக்கு. நீ இரண்டு நாள் பார்த்தாய். ஒரு ஸ்லாட்டில் எந்த ரேமைப் போட்டாலும் ஓடியது, இன்னொன்றில் எதைப் போட்டாலும் விழுந்தது. அதற்குள் உன் அக்கா மகள் சடங்குக்கு அரிமளம் போக வேண்டியிருந்தது. ஒரு தாளில் எழுதிப் பெட்டி மேல் ஒட்டிவிட்டுப் போனாய்: "ரெண்டாவது ஸ்லாட்டில்தான் கோளாறு. நான் வந்து சுத்தம் பண்றேன். ஃபார்மட் பண்ண வேண்டாம்."

நீ பஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் அவன் வந்து நின்றான். "என்னண்ணே, அண்ணி ரெண்டு நாளா திருகிக்கிட்டே இருக்காக? எதிர்க்கடையில ரெண்டு மணி நேரத்துல முடிச்சுருவாகளாம்ல?" என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வெட்கங்கெட்ட ரோஷம். தாளை உரித்து எடுத்துவிட்டு ஃபார்மட் போட்டுக் கொடுத்தேன். அந்த மகராசன் நாலு வருஷத்துப் பிளான்களை எல்லாம் டெஸ்க்டாப்பில் குவித்து வைத்திருந்தான். நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

மறுநாள் நீ திரும்பி வந்திருந்தாய். பெட்டி மறுபடி நின்றுபோய், பிளானும் போய், அவன் கடைக்கு நடுவில் நின்று கத்தினான். "பொம்பளையாளு கைய வச்சா இப்படித்தாண்ணே ஆகும்!"

கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். நான் பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் போல ஒரு கோழையை இந்த வட்டாரத்தில் வலை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. நீ பெட்டியைத் திறந்தாய். ஸ்லாட்டுக்குள் காய்ந்து கிடந்த சந்தனப் பொருக்கையும் திருநீற்றையும் பிரஷ்ஷால் தட்டி எடுத்தாய், ரேமை ரப்பரால் தேய்த்துப் போட்டாய். பெட்டி ஓடியது. பிளான்கள் வரவில்லை.

அன்று கடை மூடும்போது நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவன் பேசுனது கெடக்கட்டுங்க. அந்தப் பேப்பரக் கிழிச்சு எங்க போட்டீங்க?"

நான் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு முன்னால் நடந்தேன். அடுத்த வருஷம் காய்ச்சல் என்று படுத்தாய், எழுந்திருக்கவில்லை. துஷ்டி கேட்க வந்தவர்களில்கூட ஒருத்தி, நல்ல பிள்ளைதான், அந்தக் கம்ப்யூட்டரைத்தான் கெடுத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு போனாள்.

இன்று அந்தப் பிளான்காரன் மறுபடி வந்தான். அதே பெட்டி, அதே பட்டை. கடையில் நாலு பேர் இருந்தார்கள். "அண்ணி அழிச்ச மாதிரி அழிச்சுப்புடாதீங்கண்ணே" என்று இளித்தான்.

"அழிச்சது அவ இல்லடா. நான்" என்றேன். டிராயரிலிருந்து உன் தாளை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். "சத்தமாப் படி."

படித்தான். ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்த டீச்சரம்மா, "அட பாவமே, இத்தனை நாளா அந்தப் புள்ளயையில்ல சொல்லிக்கிட்டுத் திரிஞ்சோம்" என்றார். அவன் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு, "அப்ப இந்தத் தடவ ஃபார்மட் போட வேணாங்கிறீங்களாண்ணே?" என்றான். அவ்வளவுதான் அந்த மண்டைக்குள் ஏறியது.

"ரெண்டு நாள் ஆகும். வச்சுட்டுப் போ" என்றேன்.

ஒரு ரேமைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதை ஓடவிட்டிருக்கிறேன். உன் தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி வைத்துவிட்டேன். நீ கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். அதை நான் கிழிக்கவும் இல்லை, எங்கேயும் போடவும் இல்லை. அன்று அவன் உன்னைப் பேசிக்கொண்டிருந்தபோது அது என் சட்டைப் பையில்தான் இருந்தது.