அந்த ஊர் பெத்தேல்

மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
3 மே 2025

அன்புள்ள ரூபிக்கு,

உனக்குச் சமாதானம் உண்டாகட்டும் என்று எழுத வந்தேன். நீ போன பிறகு இந்த வீட்டில் அது இருப்பதாகத் தெரியவில்லை, இல்லாததை எப்படி அனுப்புவது? உடம்பு சுகமா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அத்தைக்குக் கால் வலி எப்படி இருக்கிறது?

போன் செய்தால் எடுக்க மாட்டாய், எழுதினால் பதில் போடுவாய் என்று நம் பெண் கெசியா ஹாஸ்டலிலிருந்து சொன்னாள். இந்தக் காலத்தில் தபால் பெட்டியைத் தேடி ஊர் முழுக்க அலைய வைத்துவிட்டாயே. இந்த வாரம் எனக்கு நைட் ஷிஃப்ட். காலையில் வந்து படுத்தால் தண்ணீர் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். சாப்பாடு கேண்டீனில். ஞாயிற்றுக்கிழமை நானே சோறு வைத்தேன், குழைந்துவிட்டது. சபையில் கேட்பவர்களிடம் அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

ஒரு காரியம். இருபத்தைந்தாம் தேதி வாலிபர் ஞாயிறு. போதகர் என்னைப் பேசச் சொல்லிவிட்டார். தலைப்பு, ‘ஆணவத்தையும் அவமரியாதையையும் பற்றி வேதம் என்ன சொல்கிறது?’ பிள்ளைகள் செல்போனைப் பார்த்துக்கொண்டே பெரியவர்களுக்குப் பதில் சொல்கிறார்கள் என்று சபை மூப்பர் சகாயநாதன் அண்ணனுக்கு ரொம்ப வருத்தம். அதற்காக வைத்த தலைப்பு. எலிசா தீர்க்கதரிசியைக் கேலி செய்த அந்த ஊர்ப் பிள்ளைகளிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன். மற்ற வசனங்களை வழக்கம்போல நீ எடுத்து எழுதி அனுப்பு. இருபது வருஷமாக உன் குறிப்பை வைத்தே பேசிப் பழகிவிட்டது.

ஜெபிக்க உட்கார்ந்தால் நாலு வார்த்தைக்கு மேல் வரமாட்டேன் என்கிறது. அலுப்பாக இருக்கலாம். சீக்கிரம் வந்து சேர்.

உன்
பென்சன்


சாமல்பட்டி
9 மே 2025

கெசியா அப்பாவுக்கு,

ரூபி எழுதுவது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். வெயில் தாங்க முடியவில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை வரவில்லை. அவமரியாதையைப் பற்றிப் பேச என்னிடமே குறிப்பு கேட்கிறீர்களே, எழுதும்போது ஒன்றுமே உறுத்தவில்லையா?

நடந்ததை நீங்கள் எழுதப் போவதில்லை, நானே எழுதிவிடுகிறேன். போன மாதம் கடைசி வெள்ளிக்கிழமை நம் வீட்டில் ஜெபக்கூட்டம். எலிசாவை மொட்டைத்தலை என்று கேலி செய்த பிள்ளைகளைக் கரடிகள் பீறிப்போட்ட கதையைச் சொன்னீர்கள். அவர்கள் எரிகோ ஊர்ப் பிள்ளைகள் என்றீர்கள். நான் மெதுவாக, ‘எரிகோ இல்லங்க, பெத்தேல்’ என்றேன். ‘வாத்தியாரம்மா, வாய மூடிக்கிட்டுப் போயி டீ போடு’ என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். சகாயநாதன் அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். நான் போய் டீ போட்டேன், எல்லோருக்கும் கொடுத்தேன், டம்ளர் கழுவி வைத்தேன். மறுநாள் காலை பஸ் ஏறிவிட்டேன்.

போன் எடுக்காதது கோபத்தால் இல்லை. போனில் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தில் என்னை முடிக்க விட்டுத்தான் ஆக வேண்டும்.

சரி, குறிப்பு. ரெகொபெயாம் ராஜாவை எடுங்கள். பாரத்தைக் கொஞ்சம் குறையுங்கள் என்று கேட்டு வந்த ஜனங்களிடம் திமிராகப் பேசி அனுப்பினான். ராஜ்யம் இரண்டாகப் போனது. ஆணவம் சின்னவர்களுக்கு மட்டும் வருகிற வியாதி இல்லை. அடுத்தது அன்னாள். உதடு மட்டும் அசைய ஜெபித்தவளைப் பார்த்து, குடித்திருக்கிறாயா என்று கேட்டார் ஆசாரியன் ஏலி. அவள் மரியாதையாகத்தான் பதில் சொன்னாள். அதன் பிறகு ஏலி அவளை ஆசீர்வதித்து அனுப்பினார் என்று இருக்கிறது. மன்னிப்புக் கேட்டார் என்று இல்லை. நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன். பெரியவர்களுக்கு மன்னிப்புக் கேட்பதைவிட ஆசீர்வதிப்பது சுலபம் போலிருக்கிறது.

ஜெபம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பேதுருவின் முதல் நிருபம், மூன்றாம் அதிகாரம், ஏழாம் வசனம். மனைவிக்குக் கனம் கொடுக்காதவனுடைய ஜெபத்துக்குத் தடை வரும் என்பது அங்கே இருக்கிறது. அலுப்பைப் பற்றி ஒன்றும் இல்லை.

‘அந்த ஊர்ப் பிள்ளைகள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஊர் என்று எழுதவில்லை.

ரூபி


ஓசூர்
14 மே 2025

அன்புள்ள ரூபி,

உன் கடிதம் கிடைத்தது. இவ்வளவு மனதில் வைத்திருப்பாய் என்று நினைக்கவில்லை. அது ஒரு விளையாட்டுப் பேச்சு. மூப்பர் உட்கார்ந்திருக்கிறார், புதிதாக ஆட்கள் வந்திருக்கிறார்கள், பேசுகிறவனை நடுவில் நிறுத்தினால் எனக்கு எப்படி இருக்கும்? அதுவும் அவமரியாதைதானே? மோசேயை எதிர்த்துப் பேசின மிரியாமுக்கு என்ன ஆனது என்று உனக்குத் தெரியாதா?

அந்த இடத்தை நானும் எடுத்துப் பார்த்தேன். எலிசா எரிகோவிலிருந்துதான் புறப்பட்டு வருகிறார். ஆகவே நான் சொன்னதும் ரொம்பத் தூரம் தள்ளி இல்லை. ஒரு ஊர்ப் பெயருக்காக ஒரு குடும்பம் இப்படிக் கிடக்க வேண்டுமா?

சண்டை போடத் தெம்பில்லை ரூபி. குக்கரில் வேறு விசில் வரமாட்டேன் என்கிறது.

பென்சன்


சாமல்பட்டி
19 மே 2025

கெசியா அப்பாவுக்கு,

மிரியாமுக்குக் குஷ்டம் வந்தது உண்மை. அவள் பாளயத்துக்குத் திரும்பும்வரை ஏழு நாள் அத்தனை ஜனமும் நகராமல் காத்திருந்ததும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. நான் போன அடுத்த வெள்ளிக்கிழமையே நம் வீட்டில் கூட்டம் நடந்ததாமே.

பூங்கொடி போன் செய்தாள். பின் தெருக் கிருஷ்ணப்பனின் மனைவி. குடியை விட்ட பிறகு கிருஷ்ணப்பன் முதன்முதலாக ஜெபத்துக்கு வந்தது நீங்கள் என்னை டீ போடச் சொன்ன அன்றைக்குத்தான், ஞாபகம் இருக்கிறதா? அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ‘அக்கா, அந்தப் பேச்சு எங்க ஊட்டுக்கும் வந்துருச்சுக்கா. எதுனா சொன்னா, வாத்தியாரம்மா வாய மூடுன்றாரு. ஏன் இப்டிப் பேசறன்னு கேட்டா, பென்சன் சாரே அப்டித்தான பேசறாருன்றாரு.’ அவர் நம் வீட்டு ஜெபக்கூட்டத்திலிருந்து கொண்டுபோனது இதுதான்.

கம்பெனியில் உங்களுக்கு என்ன வேலை? தப்பான பாகத்தைக் கண்டுபிடித்துச் சிவப்புச் சீட்டு ஒட்டுவது. லைனில் இருக்கும் பையன் ஒருத்தன் ‘சார், நீங்க எடுத்த அளவு தப்பு’ என்றால் அவனை டீ போடச் சொல்வீர்களா? மறுபடி அளந்து பார்ப்பீர்கள். அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது.

ஊத்தங்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு வரச் சொல்கிறார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை. குக்கருக்குப் புது ரப்பர் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.

ரூபி


ஓசூர்
26 மே 2025

என் அன்பு ரூபி,

நேற்று பேசி முடித்தேன். நீ கொடுத்த ரெகொபெயாமை அப்படியே சொன்னேன், சபை ஆடாமல் கேட்டது. கடைசியில், நானும் என் வீட்டில் கடுமையாகப் பேசியிருக்கிறேன், தேவன் என்னை மன்னிப்பாராக என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. போதகர் இறங்கி வந்து கட்டிக்கொண்டார். ‘பென்சன் தம்பிக்கு எவ்ளோ தாழ்ம பாருங்க’ என்று சகாயநாதன் அண்ணன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வாலிபர்கள் வந்து கை கொடுத்தார்கள். நேரம் போதாததால் எலிசாவை விட்டுவிட்டேன்.

எல்லோர் முன்னாலும் கேட்டாகிவிட்டது. இனி என்ன இருக்கிறது? வந்துவிடு. ரப்பர் மாற்றிவிட்டேன். சோறு இன்னும் குழைகிறது.

உன்
பென்சன்


சாமல்பட்டி
31 மே 2025

கெசியா அப்பாவுக்கு,

கெசியா வீடியோ அனுப்பினாள். நன்றாகத்தான் பேசினீர்கள். நீங்கள் அழுதபோது எனக்கும் அழுகை வந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

மன்னிப்பைத் தேவனிடம் கேட்டீர்கள். பேச்சு வாங்கினது நான். கட்டிக்கொண்டது உங்களை, கை கொடுத்தது உங்களுக்கு. எனக்குப் பூங்கொடியைத் தவிர ஒருவரும் போன் செய்யவில்லை. அவளும் கிருஷ்ணப்பனும் வெள்ளிக்கிழமை நம் வீட்டுக்கு வருகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வருகிறவர்கள் இல்லை. நீங்கள் அழுதது அவருக்குத் தெரியாது. அந்தப் பேச்சு அவர் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

எலிசாவுக்கு நேரம் போதவில்லை என்கிறீர்கள். ஒரு ஊர்ப் பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

எனக்கு அசதியாக இருக்கிறது. ஊத்தங்கரை வேலைக்குச் சரி என்று சொல்லிவிட்டேன், ஒன்பதாம் தேதி சேர வேண்டும். எப்போது வருவாய் என்று இனி கேட்காதீர்கள். கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. சோற்றுக்குத் தண்ணீரைக் குறைத்து வையுங்கள்.

ரூபி


ஓசூர்
7 ஜூன் 2025

ரூபிக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ரெண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் முடியவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமைக் கூட்டம். அன்றைக்கு இருந்தவர்கள் எல்லோரும் வரவேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தேன். வந்தார்கள். அதே அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். வாசித்துவிட்டு இப்படிச் சொன்னேன். ‘போன தடவ இதுல நான் எரிகோன்னு சொன்னேன். அது தப்பு. பெத்தேல்னு ரூபி சொன்னா. அதுதான் சரி. சரியாச் சொன்னவள நான் வாய மூடச் சொன்னேன், நாம எல்லாரும் சிரிச்சோம்.’

அழுகை ஒன்றும் வரவில்லை. சகாயநாதன் அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது. ‘இதுக்கா தம்பி ஊட்டுக்கு ஊடு வந்து கூப்ட்ட? ஒரு ஊர் பேருதான?’ என்றார். ‘ஊர் பேருதான் அண்ணே. அதச் சொல்ல எனக்கு ஒன்றரை மாசம் ஆச்சு’ என்றேன். முடிவு ஜெபத்துக்கு இருக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனதும் கிருஷ்ணப்பன்தான் கேட்டார், ‘அப்ப சார், நான் ஊட்ல சொல்றது?’ ‘அதுவும் தப்புதான். என்னப் பாத்துக் கத்துக்கிட்ட தப்பு’ என்றேன். பூங்கொடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தரையைப் பார்த்தார். யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். டீ போட வேண்டும் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. திங்கட்கிழமை நீ வேலையில் சேர்வதற்காக ஜெபித்தேன். இந்தத் தடவை கொஞ்சம் நீளமாகவே வந்தது.

பென்சன்


சாமல்பட்டி
14 ஜூன் 2025

அன்புள்ள கெசியா அப்பாவுக்கு,

வேலையில் சேர்ந்துவிட்டேன். ஆறாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் வந்தால் நிற்க முடியாமல் கால் கடுக்கிறது. ஆனாலும் வேலையை விடப் போவதில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பூங்கொடி போன் செய்து எல்லாம் சொன்னாள். நீங்கள் எழுதியதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சகாயநாதன் அண்ணன் போனதைப் பற்றி வருத்தப்படாதீர்கள் என்று எழுத நினைத்தேன். வருத்தம் இருக்கத்தான் செய்யும். எனக்கும் இருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் பஸ் ஏறி வருகிறேன். கூட்டத்தை எட்டு மணிக்கு வையுங்கள். ஞாயிறு சாயங்காலம் நான் திரும்ப வேண்டும், அதுவரை என் அண்ணி அம்மாவைப் பார்த்துக்கொள்வாள். இனி வாராவாரம் இப்படித்தான் முடியும்.

வெள்ளிக்கிழமை பாடத்தை நான் எடுக்கிறேன். அன்னாளும் ஏலியும். சகாயநாதன் அண்ணனுக்கும் சொல்லி அனுப்புங்கள், வந்தால் வரட்டும். நான் எங்கேயாவது தப்பாகச் சொன்னால், கூட்டம் முடியட்டும் என்று காத்திருக்காமல் எல்லோர் முன்னாலும் அப்போதே சொல்லுங்கள். நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொள்வேன்.

உங்கள்
ரூபி