ஜம்போ இறங்கும்வரை ஆறிய காபி

அன்பு மகன் வாஸிஃபுக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் உன் அப்பாவின் கழுத்து வலியைத் தவிர இங்கே எல்லாம் நலம், அங்கே பனியில் நீயும் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கழுத்து ஏன் வலிக்கிறது என்று நீ கேட்கமாட்டாய். பொழுது விடிந்தால் மனிதர் தொலைநோக்கியோடு மொட்டைமாடியில் நிற்கிறார், மற்ற விமானமெல்லாம் அவருக்குக் கொசு, முதுகில் திமிலும் இறக்கையில் நாலு எஞ்சினும் வைத்த அந்தக் கிழட்டு ஜம்போ ஒன்றுதான் விமானம். இப்போதெல்லாம் அது சரக்கு ஏற்றிக்கொண்டு நம் பக்கத்து விமான நிலையத்துக்கு எப்போதாவதுதான் வருகிறது, வந்தால் நான் மயங்கி விழுந்தாலும் தாண்டிக்கொண்டு ஓடுவார்.

போன வியாழக்கிழமை உன் தங்கை ருபாவைப் பெண் கேட்டு ஸுஹைப் வீட்டு ஆண்கள் கூட்டமாக வந்தார்கள், அவன் பெரியப்பா அபூ தாமர்தான் தலைமை, சிரித்தால் சொத்து குறைந்துவிடும் என்கிற ஆள். அந்தப் பையன் இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று இருக்கிற ருபா, கதவுக்குப் பின்னால் என் கையை நசுக்கிக்கொண்டு நின்றாள். அபூ தாமர் காபியைக் குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டு, உங்க பொண்ண எங்க பையனுக்குக் கேக்க வந்திருக்கோம் என்றார். நம் வழக்கம் உனக்குத் தெரியும், குடிங்க, கேட்டது கெடச்சாச்சு என்று உன் அப்பா சொல்லும்வரை ஒருவரும் வாய் வைக்கமாட்டார்கள். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார், ஜன்னல் அதிர்ந்தது, நாலு எஞ்சின் என்று கத்திவிட்டு மாடிக்கு ஓடியே போய்விட்டார் படுபாவி!

காபி ஆறுகிறது, வந்தவர்களுக்கு முகம் கறுக்கிறது. பொண்ணு இல்லேன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டாரே என்று ஒருவர் எழுந்தே விட்டார், ருபா அழ ஆரம்பித்துவிட்டாள். நான் வெட்கத்தை விட்டு வாசலில் வந்து நின்று, அண்ணே, அது இல்லேங்கிறது இல்லண்ணே, அது ஜம்போ என்றேன். எங்களவிட அது பெரிசா, நானே கேக்கிறேன் என்று அபூ தாமர் கோப்பையும் கையுமாக மாடி ஏறினார், நாங்கள் பின்னால் ஓடினோம், ஜம்போ இறங்க முறை கிடைக்காமல் இன்னும் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. உன் அப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் கண்ணில் தொலைநோக்கியை அழுத்தி, பேசாம பாருங்க என்றார். அவரை யாராவது அப்படி அதட்டியிருப்பார்களா! ஆனால் மனிதர் பார்த்தார், தலைத்துணி காற்றில் பறந்தது கூடத் தெரியாமல் பார்த்தார். இம்புட்டு கனத்த வச்சிக்கிட்டு இது எப்படிய்யா மேல நிக்குது என்று கேட்டார். இத்தனை வருடத்தில் உன் அப்பாவிடம் யாரும் அதைக் கேட்டதில்லை, கண் கலங்கிவிட்டது. அது தரை தொட்ட பிறகுதான், குடிங்க, பொண்ணும் உங்களுது, இந்த மாடியும் உங்களுது என்றார். அபூ தாமர் ஆறிய காபியை ஒரே மடக்கில் குடித்தார், நான் படிக்கட்டிலேயே குலவை போட்டேன்.

ரமழான் முடிந்ததும் கல்யாணம். நன்றாகச் சாப்பிடு, தலையில் ஈரத்தோடு வெளியே போகாதே, அல்லாஹ் உன்னைக் காக்கட்டும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே வந்துவிடு மகனே. உன் அப்பா ஒருவரை என்றால் நானே பிடித்து வைப்பேன், ஆனால் அபூ தாமரும் நேற்றுச் சொந்தமாக ஒரு தொலைநோக்கி வாங்கிவிட்டார்.

உன் அம்மா,
உம்மு வாஸிஃப்