ருசி பார்க்காமல் சமைத்தது

மே மாதம், ஞாயிறு இரவு

மருமகள் க்ளேர் பிரான்சிலிருந்து வந்து பத்து நாளாகிறது. மசக்கையோ, மைசூர் வெயிலோ, ஒரு வாய் சோறு இறங்கவில்லை. அதனால் இன்று அவள் ஊர்க் கோடைக்காலக் காய்கறிக் குழம்பு, ரட்டாட்டூயி, செய்தேன்.

கத்தரிக்காய், வெள்ளரிபோல் இருக்கும் சுக்கினி, குடைமிளகாய் மூன்றையும் தனித்தனியாக வதக்கி, தக்காளி பூண்டோடு சேர்த்து அடுப்பைச் சின்னதாக்கினேன். இரண்டு முறை மஞ்சள்தூள் டப்பாவுக்குப் போன கையை இழுத்துக்கொண்டேன்.

"நீ சாப்பிட்டதே இல்லாத ஐட்டம்மா, கொஞ்சம் ருசி பாரேன்!" என்று என் மகன் கார்த்திக் கெஞ்சினான்.

"எல்லாரும் சாப்பிடுறதுக்கு முன்னாடி நான் என்னிக்குடா வாயில வச்சிருக்கேன்? உப்பு என் மூக்குக்குத் தெரியும், சும்மா இரு."

சொல்லிவிட்டேனே தவிர, மூடியைத் திறந்து இன்னொரு தடவை மோந்து பார்த்தேன்.

க்ளேர் ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடினாள். அப்புறம் ரொட்டியால் தட்டைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டாள்! வீடியோ காலில் தன் அம்மாவுக்குத் தட்டைக் காட்டினாள். என் வீட்டுக்காரரும் "சக்கத்தா இருக்கு" என்று கன்னடத்தில் மெச்சி மறுபடி போட்டுக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. ஒரு துண்டு கத்தரிக்காய்கூட மிச்சமில்லை. அது என்ன ருசி என்று வீட்டிலேயே எனக்கு மட்டும்தான் தெரியாது.