இரண்டு தாளிலும் இடது

14-3-2025, வெள்ளி.
மருத்துவமனையின் கணினி அறைக்குப் புதிய தரவுச் சேமிப்புப் பெட்டி காலை 10.40க்கு வந்திறங்கியது. சுழலும் தட்டுகள் இல்லை; முழுதும் ஃபிளாஷ் சில்லுகள். சர்வர்களை அதனுடன் எவ்வாறு இணைப்பது என்று ஒரு மணி நேர விவாதம். சிஸ்டம் அட்மின் ஷீலா, "இருக்கிற நெட்வொர்க்லயே ஓட்டிடலாம் சார், புதுசா கேபிள் இழுக்க வேணாம்" என்றார். ஆலோசகன் என்ற முறையில் நான் உடன்படவில்லை. எல்லாரும் மின்னஞ்சல் பார்க்கும் பாதையில் நோயாளிகளின் பதிவுகளும் நெரிபடக் கூடாது, தனி ஃபைபர்தான். ஒவ்வொரு சர்வருக்கும் இரு பாதைகள்: இடது ரேக் அலமாரியின் ஸ்விட்ச் என்ற இணைப்புப் பெட்டி வழியாக ஒன்று, வலது ரேக்கின் ஸ்விட்ச் வழியாக மற்றொன்று. ஒன்று படுத்தால் மற்றது சுமக்கும்.

18-3-2025, செவ்வாய்.
இணைப்பு அட்டவணையை நானே எழுதினேன். முதல் தாள் இடது, இரண்டாம் தாள் வலது. கேபிள்களைச் செருகும்போது ஷீலா, "லேப் சர்வருக்கு மட்டும் ரெண்டு தாள்லயும் இடதுன்னு இருக்கே சார்?" என்றார். ஒரே தாளை இருமுறை பார்த்திருப்பார். தொலைபேசித் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் அட்டவணை போட்டவனிடம் இப்படி ஒரு கேள்வி! "எழுதியிருப்பதைச் செய்யுங்கள்" என்றேன். வேலை முடிந்ததும் தாள்களை நானே வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

25-3-2025, செவ்வாய்.
பெட்டி சீராக ஓடுகிறது. எழுத ஒன்றுமில்லை.

2-4-2025, புதன்.
காலை 11.20. இடது ஸ்விட்ச் செத்தது. மற்ற சர்வர்கள் அசையவில்லை. ஆய்வகச் சர்வர் மட்டும் அறுந்து விழுந்தது. நாற்பத்தேழு நிமிடம் ஒரு ரத்தப் பரிசோதனை முடிவும் மருத்துவர்களுக்குப் போகவில்லை. இரண்டு பாதைகள் உண்டே — எப்படி? எப்படி?

3-4-2025, வியாழன்.
லேப் சர்வரின் இரு கேபிள்களும் இடது ஸ்விட்சில் இருந்தன.

நிர்வாக மேலாளர் துளசிங்கம் எல்லார் முன்னும் கத்தினார். "இன்னாம்மா, ரெண்டையும் ஒரே டப்பால சொருகிகினு, ரெண்டு பாதைன்னு எங்களுக்குக் கதை வுட்டுகினு இருந்தியா?"

"அட்டவணைப்படிதான் சார் போட்டேன்."

"ஏகநாதன் சாரா தப்பா எழுதுவாரு? குடிக்கிற காபிக்கே டைம் குறிக்கிற மனுஷன்!"

ஷீலா என்னைப் பார்த்தார். "அப்படி எழுதியிருக்க மாட்டேன்" என்றேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

மாலை 5.15. வீட்டில் அட்டவணைத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் தாள், ஐந்தாம் வரி: இடது. என் கையெழுத்து. லேப் சர்வர் கடைசியில் சேர்ந்தது. அந்த ஒரு வரியை மட்டும் ரேக்குகளுக்குப் பின்னால் நின்று எழுதியிருக்கிறேன். பின்னாலிருந்து பார்த்தால் வலது ரேக் இடப்பக்கம்தானே தெரியும்! ஐயோ, என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன். கேட்டாளே — அவ கேட்டாளே!

4-4-2025, வெள்ளி.
தாளுடன் துளசிங்கத்திடம் போனேன். படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மெதுவா பேசு சார். ரிப்போர்ட் டைரக்டருக்குப் போயாச்சு. அந்தம்மாக்கு வேற எடத்துல வேலை கெடைக்கும். இந்த வயசுல உனக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

ஒரு கணம் — எழுதவே கூசுகிறது — அது எனக்கு இதமாக இருந்தது. தவறு செய்ததைவிட அந்த இதம்தான் என்னை உலுக்கியது. எழுபத்திரண்டு வயதில் நான் இவ்வளவுதானா?

பிற்பகல் 2.10க்கு மாடியேறி, இரு தாள்களையும் இந்த நாட்குறிப்பின் 18ஆம் தேதிப் பக்கத்தின் நகலையும் டைரக்டர் மேசையில் வைத்தேன். ஆலோசகர் பொறுப்பிலிருந்து விலகும் கடிதத்தையும். கடிதத்தை மட்டும் அவர் உடனே எடுத்துக்கொண்டார்.

7-4-2025, திங்கள்.
அடையாள அட்டையைத் திருப்பித் தரப் போயிருந்தேன். கணினி அறையின் கண்ணாடிக்கு உள்ளே, மீண்டும் வேலையில், ஷீலா. புதிய அட்டவணை அவர் கையெழுத்தில், சுவரில். சோதித்துப் பார்க்க 10.05க்கு இடது ஸ்விட்சை அவரே அணைத்தார். லேப் சர்வர் ஓடியது. நான் திரும்பி நடந்தேன்.

கதவு திறந்தது. "சார், அடுத்து வலது பக்கம் ஆஃப் பண்ணப் போறேன். டைம் குறிக்க ஆள் இல்ல."

சிரிக்கவில்லை. கதவைப் பிடித்தபடி நின்றார்.

10.21. குறித்தேன்.