தாத்தா பெயர் எழுதிய ஆம்ப்ளிஃபயர்

அம்பாசமுத்திரம்,
கார்த்திகை 14.

அன்புள்ள மகள் சுகிர்தாவுக்கு,

அப்பா எழுதுவது. எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் போன மாதம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்திடம் அது செல்லாது, கடைசி வரை படித்தாக வேண்டும்.

நேற்று நீ அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்தேன். கோயிலுக்குப் புது மைக் செட் நீயே வாங்கி அனுப்புகிறாயாம், நான் கொடுத்த அதே கம்பெனி செட் கால் விலைக்குக் கிடைக்கிறதாம், இரண்டு நாளில் சலுகை முடிகிறதாம். படித்ததும் வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த காபியைக் குடிக்காமலே வைத்துவிட்டேன். அப்பன் விழுந்த கிணற்றைத் தேடிப்போய் மகளும் குதிக்க வேண்டுமா? "மைக் ரிப்பேர்" என்று மட்டும் அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள், எதையும் மூடி வைப்பதே அவளுக்கு வழக்கம். நடந்ததை நான் சொல்கிறேன்.

நம் தெருச் சிவன் கோயிலுக்கு உன் தாத்தா பெயரில் ஒரு மைக் செட் கொடுப்பது என்று ஆவணியில் முடிவு செய்தேன். அம்பலவாணன் கடை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, முப்பது வருஷமாக அவனுக்கு அதுதான் தொழில். அவனிடம் ஏன் போகவில்லை என்பது உனக்குத் தெரியும். உன் கல்யாணத்தில் நான் வரவேற்புரை வாசித்துக்கொண்டிருந்தபோது, மூன்றாம் பக்கத்தில், மைக்கை அணைத்துவிட்டு சினிமாப் பாட்டைப் போட்டவன் அவன். ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது. அவன் முகத்தில் விழிக்கக் கூடாது என்பதற்காகவே பெரிய கம்பெனிப் பெயர் போட்டுப் போனில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து, கால் விலைக்கு, ஆம்ப்ளிஃபயர் ஒன்று, மைக் இரண்டு வரவழைத்தேன். ஆம்ப்ளிஃபயர் நல்ல கனம். கனமாக இருந்தால் உள்ளே சரக்கு இருக்கும் என்று நினைத்தேன். இருபத்தெட்டு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவனின் புத்தி அவ்வளவுதான். பெயின்டரைக் கூப்பிட்டு அதன் நெற்றியில் சிவப்பு எழுத்தில் "உபயம்: ஆவுடைநாயகம்" என்று எழுதச் சொல்லி, தேங்காய் உடைத்துக் கோயிலில் கொடுத்தேன்.

ஐப்பசித் திருக்கல்யாணத்தன்று காலையில் ஓதுவார் பதிகம் தொடங்கினார். இரண்டாவது அடிக்குப் போகவில்லை, கோழியைக் கழுத்தில் பிடித்த மாதிரி ஒரு கத்தல், அப்புறம் கரகரப்பு, அப்புறம் பின்பக்கத்திலிருந்து புகை. கூட்டத்தில் எவனோ, "ஏலே, ஆவுடைநாயகம் புகையுதாருலே" என்றான். பெண்கள் பக்கமிருந்து, "யாராவது அந்த ஆவுடைநாயகத்த அணைங்களேன்" என்று ஒரு குரல். அம்பாளுக்குத் தாலி ஏறும் நேரத்தில் சனம் மொத்தமும் சிரித்தது. உன் தாத்தாவை இந்த ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் கிடையாது, தலைமையாசிரியராக இருந்தவரைப் "பெரிய சார்" என்றுதான் சொல்வார்கள். அந்த நாற்காலி எனக்கும் வந்திருக்க வேண்டும், யார் கெடுத்தார்கள் என்று எழுதினால் காகிதம் போதாது. அப்படிப்பட்டவர் பெயரைப் பெயின்டரை வைத்து எழுதி, ஊர் சிரிக்க நானே கொண்டுபோய் வைத்தேன். இப்போது ஒரு கல்யாண வீட்டில் மைக் கரகரத்தால்கூட "ஆவுடைநாயகம் வந்தாச்சு" என்கிறார்கள். திருக்கல்யாணத்தன்று சாயங்காலமே தர்மகர்த்தா என்னைக் கூப்பிட்டு, பெயரையாவது அழித்துவிடலாமே என்றார். என் அப்பா பெயரை அழிக்க நான் யார், நீர் யார் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் அந்தத் தர்மகர்த்தா சொல்லி அம்பலவாணனே ஸ்குரூ டிரைவரோடு கோயிலுக்கு வந்தான். நான் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூடியைக் கழற்றினால், டிரான்ஸ்ஃபார்மர் இருக்க வேண்டிய இடத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒன்று, பக்கத்தில் கனத்துக்காக ஒட்டிய சிமெண்ட் கட்டி. "அண்ணாச்சி, இது ஆம்ப்ளிஃபயர் இல்ல, வீட்டுக்குப் போடுத அஸ்திவாரம்" என்றான். இரண்டு மைக்கையும் திருப்பிக் காட்டினான், இரண்டிலும் ஒரே வரிசை எண். "ரெட்டப் பிள்ளைக்கே ரெண்டு பேரு வைப்பாவ" என்றான். பொறுக்காமல் நானே அவனிடம் வாய் திறந்தேன். இதெல்லாம் இப்போதுதான் தெரிந்ததா என்று கேட்டேன். "நீங்க கொண்டு வச்ச அன்னைக்கே மைக்கத் தூக்கிப் பாத்தேன், தக்கை மாதிரி இருந்துது, அப்பமே தெரிஞ்சிட்டு" என்றான். அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். "நான் சொன்னா கேட்டிருப்பியளா? என்னயக் கண்டா தெரு மாறில்லா போறிய" என்றான். சரியான பதில்தான். அதனால்தான் அவன் மேல் கோபம் இன்னும் கூடிவிட்டது.

விற்றவனுக்குப் போன் செய்தால் அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை. அவன் அனுப்பியதில் பில் கிடையாது, உத்தரவாத அட்டையில் எந்தக் கடையின் முத்திரையும் கிடையாது, இதையெல்லாம் நான் பெட்டியைப் பிரித்த அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும். நீயாவது கேள். பாட்டுக் கேட்கக் காதில் மாட்டும் சாமான் ஆனாலும் சரி, கம்பெனி தன் இணையப் பக்கத்தில் யாரை விற்பனையாளர் என்று போட்டிருக்கிறதோ அவரிடம் மட்டும் வாங்கு. பில்லில் வரிசை எண்ணை எழுதச் சொல், அந்த எண் தங்களுடையதுதானா என்று கம்பெனியிடமே கேள். போட்டுக் காட்டாதவனிடம் எதையும் வாங்காதே. கால் விலைக்குக் கொடுக்கிறேன் என்று ஒருவன் சொன்னால் அவன் உன் சித்தப்பனா பெரியப்பனா என்று யோசி. உன் நிஜச் சித்தப்பன்கூட எனக்கு எதையும் விட்டுக்கொடுத்ததில்லை.

நீ பார்த்து வைத்ததை ஆர்டர் செய்திருந்தால் இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷமே ரத்து செய். மார்கழி பிறக்க இரண்டு வாரம்தான் இருக்கிறது, திருவெம்பாவை பாடும்போது என் அப்பா பெயரில் கொடுத்த மைக் ஒழுங்காகப் பாடியாக வேண்டும். செவ்வாய்க்கிழமை திருநெல்வேலிக்குப் போய், கம்பெனி அங்கீகரித்த கடையில் வாங்குகிறேன். அம்பலவாணனும் வருகிறான், நான்தான் கூப்பிட்டேன். ஒரே பஸ், வேறு வேறு சீட். உன் கல்யாணத்தில் அவன் செய்தது செய்ததுதான்.

பழைய ஆம்ப்ளிஃபயர் என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. பழைய இரும்புக்குப் போடச் சொல்லி அம்மா தினமும் நச்சரிக்கிறாள். தாத்தா பெயரை எடை போட்டு விற்க எனக்குக் கை வரவில்லை. புதியதில் இப்போது பெயர் எழுத வேண்டாம் என்று பெயின்டரிடம் சொல்லிவிட்டேன். மார்கழி முழுவதும் அது பாடிக் காட்டட்டும். தை பிறந்த பிறகு, நானே கேட்டுப் பார்த்து, எழுதச் சொல்கிறேன்.

நெல்லையப்பரும் காந்திமதி அம்மையும் உங்கள் இருவருக்கும் துணை இருக்கட்டும். ரத்து செய்ததும் ஒரு வரி எழுது, "சரிப்பா" என்று மட்டும் எழுதாதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஆ. குமரவேல்