தாய்மார் கூட்டத்தில் ஒரு அப்பன்

17.02.2025, திங்கள்

மகள் நிலூஷாவின் பையில் முன்பள்ளியிலிருந்து ஒரு கடிதம். புதன்கிழமை பத்து மணிக்குத் தாய்மார் கூட்டம், கட்டாயம் வரவும். அவள் தாய் சுதர்சினி குவைத்துக்குப் போய் ஏழு மாதம். கட்டாயம் என்று எழுதியிருக்கிறார்கள். நான் போகிறேன்.

19.02.2025, புதன்

இப்போது தேயிலைத் தொழிற்சாலையில் எனக்குப் பகல் இரண்டு மணிக்குத் தொடங்கும் ஷிப்ட். பிள்ளையைப் பின்னேரம் பக்கத்து லயத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார். காலை என்னுடையது.

பதினெட்டுப் பெண்கள், நான் ஒருவன். சின்னக் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தேன். றமீஸா டீச்சர் பக்கத்தில் வந்தார்.

"இது தாய்மார் கூட்டம். வீட்டுல பொம்புளைங்க யாரும் வரலையா?"

"இல்ல டீச்சர். சமைக்கிறது, தலை பின்னுறது எல்லாம் நான்தான்."

பின்னால் சிரிப்புச் சத்தம். நான் எழும்பவில்லை.

கூட்டம் முடிந்ததும் டீச்சர் மெதுவாகச் சொன்னார். பிள்ளை சேர்ந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். இந்த வருஷம் வீட்டில் வைத்திருந்து, பேச்சு வந்த பிறகு கொண்டுவரலாமாம்.

பேச்சு வந்த பிறகா? வீட்டில் கோழியோடுகூட வாதாடுகிற பிள்ளை அது.

20.02.2025

நிறுத்தமாட்டேன்.

21.02.2025, வெள்ளி

லொறி ஓட்டும் றிஸ்வி தொழிற்சாலை வாசலில் பிடித்துக்கொண்டான். "என்ன மச்சான், பொம்புளைங்க நடுவுல போய்க் குந்தினியாமே. வெக்கமா இல்லையா?"

அவன் மகன் அஸ்ஃபரும் அங்கேதான் படிக்கிறான். "ஒன் மகனோட டீச்சர் பேரு என்ன?" என்று கேட்டேன். "அதெல்லாம் பொஞ்சாதிக்குத்தான் தெரியும்" என்றான்.

வெட்கமாம். எனக்கென்ன வெட்கம்?

24.02.2025, திங்கள்

வகுப்பில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று கேட்டேன்.

"ஆம்புளைங்கள உள்ள வைக்க ஏலாது. மத்தத் தாய்மார் என்ன சொல்லுவாங்க?"

"அப்ப வெளிய இருக்கேன்."

வாசற்படியில் உட்கார்ந்தேன். எங்கள் புசல்லாவை ஊரின் மழை சும்மா விடுமா? தன் மகள் நுஹாவை விட வந்த பெண் குடையை என் கையில் தந்துவிட்டுப் போனார்.

25.02.2025, செவ்வாய்

பார்த்துவிட்டேன். ஜன்னல் வழியாக.

காலையில் பிள்ளைகளை வட்டமாக இருத்தி டீச்சர் ஒவ்வொருவராகக் கேட்கிறார்: "அம்மா இன்னைக்கி என்ன கட்டித் தந்தாங்க?" ரொட்டி. கடலை. பாணும் பருப்பும். நிலூவின் முறை வந்தது. சாப்பாட்டுப் பெட்டியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தாள். அதற்குப் பிறகு நிமிரவே இல்லை. நேற்றும் இதையேதான் பார்த்தேன், விளங்கவில்லை.

தினமும். தினமும் இந்தப் புள்ளைகிட்ட அவ அம்மாவப் பத்திக் கேட்டிருக்காங்க.

அனுமதி கேட்கவில்லை, உள்ளே போனேன்.

"டீச்சர், அவ சாப்பாட்டக் கட்டினது நான். அவ அம்மா குவைத்துல இருக்கா."

டீச்சரின் முகம் மாறிவிட்டது. "எனக்குத் தெரியாதே. நீங்க ஒருத்தரும் சொல்லல்லையே."

"சொல்ல நீங்க என்னைய உள்ள விடலையே."

கோபமாகத்தான் சொன்னேன். ஆனால் படி இறங்கும்போது யோசித்தேன் – பெண்சாதி வெளிநாட்டில் என்று அன்றைக்குக் கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லவில்லை? றிஸ்வியிடம் அவ்வளவு வீறாப்புப் பேசியவன். வெட்கம் எனக்கும் இருந்திருக்கிறது.

26.02.2025

டீச்சர் கேள்வியை மாற்றிவிட்டார். "இன்னைக்கி என்ன கொண்டு வந்தீங்க?" நிலூ பேசவில்லை. பெட்டியைத் திறந்து காட்டினாள். போதும்.

இரவு சுதர்சினி போனில். "டீச்சரோட சண்டையா? புள்ளைய நிப்பாட்டிருவாங்கங்க."

"நிப்பாட்டட்டும், பார்ப்போம்."

05.03.2025, புதன்

மறுபடி கூட்டம். ஒரு நாளைக்கு ஒரு பெற்றோர் வகுப்பில் இருந்து உதவி செய்யட்டும், தாயோ தகப்பனோ, என்று எழும்பிச் சொன்னேன். ஒரு அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "ஆம்புளைங்க வந்தா நாங்க எப்பிடி வாறது?"

குடை தந்த நுஹாவின் உம்மா திரும்பிப் பார்த்தார். "எங்கட ஊட்டுக்காரரும் வரட்டும். புள்ளைட வகுப்பு எதுன்னே அவருக்குத் தெரியா."

கையுயர்த்தச் சொன்னார்கள். பதினொரு கை. றமீஸா டீச்சரின் கையையும் சேர்த்துத்தான்.

10.03.2025, திங்கள்

புதுக் கடிதத்தில் 'பெற்றோர் கூட்டம்' என்று இருக்கிறது. றிஸ்வி எத்தனை மணிக்கு என்று கேட்டான். கடிதத்தைப் படி என்றேன்.

20.03.2025, வியாழன்

இன்று என் முறை. பிள்ளைகள் களிமண் உருட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் நிலூவின் பக்கத்தில் குந்தினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ போப்பா. எனக்கு வேலை இருக்கு."

சத்தமாக, எல்லாருக்கும் கேட்க. டீச்சர் திரும்பினார். பிள்ளைகளும் திரும்பினார்கள். இந்த அறையில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை.

"போக மாட்டேன். இன்னைக்கி என் முறை" என்றேன்.

"அப்ப தள்ளி உக்காரு. வெளிச்சத்த மறைக்காத."

தள்ளி உட்கார்ந்தேன்.